நிம்மதி எண்

நலமானி வாயை நம்பாது. என் வீட்டுக்காரி பிரகாசியின் வலது மணிக்கட்டில் அதைக் கட்டிவிடும்போதே மூட்டு நல மையத்து ஹெப்சி மேடம் இதைச் சொல்லிவிட்டார்.

“முன்னாடியெல்லாம் தாளை வச்சுக் கேள்வி கேட்டு எழுதுவோம்மா. சட்டைப் பட்டன் போட முடியுதா, குழாயத் திருக முடியுதா, தலை சீவ முடியுதான்னு. ஒருத்தர் எல்லாம் முடியுதும்பார், வீட்டுல போய்ப் பார்த்தா மருமக தலை சீவி விட்டுட்டு இருப்பா. இன்னொருத்தர் ஒண்ணுமே முடியலம்பார், வெளிய போய் பைக்க உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவார். இனி அந்த வம்பே கெடையாது. இது உங்க கூடவே இருந்து பார்த்துக்கும்.”

“என்னத்தப் பாக்கும்?” என்று கேட்டாள் பிரகாசி. மெலிசான சாம்பல் நிறப் பட்டை. வளையலைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெரல் எவ்வளவு மடங்குது, எவ்வளவு அழுத்திப் பிடிக்குது, பிடிக்கும்போது நெஞ்சு எப்படி அடிக்குது. அது செயல் எண். தூங்குறீங்களா, பேசும்போது குரல் எப்படி இருக்கு, மனசு பதறுதா, லேசா இருக்கா. அது நிம்மதி எண். ரெண்டையும் சேர்த்து ஒரு கணக்கு வரும். நாற்பதுக்குக் கீழ வந்தா ஊசி உண்டு.”

“கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடிச்சா?” என்றேன் நான்.

ஹெப்சி மேடம் சிரித்தார். “எல்லா வீட்டுக்காரரும் இதத்தான் அண்ணாச்சி கேக்காங்க. வலியில கை நிக்கிறதும் மனசு சொல்லிக் கை நிக்கிறதும் இதுக்கு வேற வேற. கண்டுபிடிச்சிரும்.”

ஊசி என்றால் சாதாரண ஊசி இல்லை. முடக்குவாதத்தை இருக்கிற இடத்திலேயே நிறுத்தி வைக்கிற புது மருந்து. கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில், வருவது கொஞ்சம். யாருக்கு அதிகத் தேவை என்று நலமானி சொல்லுகிறதோ அவர்களுக்குத்தான் என்று மூட்டு நல மையத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் பிரகாசியின் வலது கையைப் பிடித்துப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன.

“கோணினது கோணினதுதான். ஊசி அதை நிமிர்த்தாது. மத்த விரல் கோணாமப் பாத்துக்கும். ஆனா சீக்கிரம் போடணும். இந்த வருசத்துக்குள்ள,” என்றார்.

அந்த ‘இந்த வருசத்துக்குள்ள’ என் தோளில் மூட்டையாக உட்கார்ந்துகொண்டது. நான் துறைமுகத்தில் லோடுமேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டையைத் தூக்குவதும் இறக்குவதும். இதை எப்படித் தூக்கி எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

பிரகாசி இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறாலை எடுக்க வேண்டும், தலையைக் கிள்ள வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், முதுகில் கீறிக் குடலை இழுக்க வேண்டும். உரித்ததைப் பேசினில் நிரப்பித் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னிருந்தே இதுதான் அவள் வேலை. தராசுக்கு முன்னால் நின்று நின்று பழகிய பொம்பளைக்கு ஒன்று மட்டும் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். எது நம்மை அளக்கிறதோ, அதன் முன்னால் கூடுதலாகச் செய்துகாட்ட வேண்டும்.

அங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம்.

பட்டையைக் கட்டிய மறுநாள் காலை குளியலறைப் பக்கம் தொப்பு தொப்பென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் போர்வையைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு முந்தின மாதம் பூரா ஒரு கைக்குட்டையைக்கூட அவளால் பிழிய முடிந்ததில்லை.

“ஏட்டி, என்ன செய்யுத?”

“மெதுவாப் பேசுங்க.” பட்டையைக் கண்ணால் காட்டினாள். “பாத்துட்டு இருக்குல்லா.”

“பாத்தா பாக்கட்டும். அத வையி கீழ.”

“சோம்பேறிச் சிறுக்கின்னு நெனச்சிரக் கூடாதுல்லா. அரசாங்கத்துச் சாமான் வேற.”

கண்ணோரம் நீர் கட்டி நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு போர்வையை முறுக்கினாள். கம்பெனியிலும் அப்படித்தான். ஐஸில் விறைத்த கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாக உரித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆக்னஸும் அதே கம்பெனிதான். “மதினிக்கு என்ன அண்ணே பேய் பிடிச்சிருக்கு? எங்க எல்லாரையும்விட மொதல்ல தராசுல நிக்கா!” என்று என்னிடம் வந்து சிரித்துவிட்டுப் போனாள். எனக்கும் மரமண்டை. வலி குறைந்திருக்கிறதோ என்று ஒரு நாள் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அளவுக் காலம் ரெண்டு வாரம். முடிந்து மையத்துக்குப் போனபோது ஹெப்சி மேடம் திரையைப் பார்த்துக் கண்ணை விரித்தார். “அறுபத்திரெண்டு!”

பிரகாசி முகம் மலர்ந்துவிட்டது. “அறுபத்திரெண்டா? பாஸா மேடம்?”

ஹெப்சி மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பாஸுதாம்மா,” என்றார் மெதுவாக. “அதனால ஊசி கெடையாது.”

வரும்போது பஸ்ஸில் நான் கோபத்தில் வழிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். அவளும் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். இறங்குகிற இடம் வந்தபோது, “அளக்கும்போது கொறச்சுக் காட்டுனா சூப்பர்வைசர் நாயி மாதிரி ஏசுவான்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

ரெண்டாவது தடவை பட்டையைக் கட்டியபோது நான் உஷாராக இருந்தேன். லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளையும் கம்பெனிக்கு விடவில்லை. சோறு நான் பொங்கினேன். துணி நான் துவைத்தேன். காலையில் அவள் கை விறைத்துக் கிடக்கும். வெந்நீர்த் துணியைச் சுற்றி விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். தலைகூட நான்தான் சீவினேன்.

“என்ன இது, கப்பல் கயிறா? இந்த இழு இழுக்கிய?”

“ஆடாம இரி.”

“வகிடு எங்க போகுதுன்னு பாருங்க. திருச்செந்தூர் ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது.”

“ஒனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கோ?”

சிரிப்பாள். என் குழம்பைத் தின்றுவிட்டு, “உப்பு இருக்கு, புளி இருக்கு, மீன் மட்டும் கடலுக்கே திரும்பிப் போயிட்டு போல” என்பாள். சாயங்காலம் காற்று வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். எத்தனையோ வருஷமாக அவள் ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினது எப்போது என்று ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. என் முழங்கால் நீரில் கிடந்த கயிறு மாதிரி கனத்து வலித்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவள் ஒரு விரலை அசைக்கவில்லை, இந்தத் தடவை நாற்பதைத் தொடாது என்று உறுதியாக இருந்தேன்.

மையத்தில் ஹெப்சி மேடம் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டதே தலை நரைத்த பிறகு. செயல் எண்: மிகக் குறைவு. அதைப் படித்ததும் மாதாவே என்று மூச்சு விட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி. நிம்மதி எண்: மிக உயர்வு.

“சேர்த்தா நாற்பத்தெட்டு வருது,” என்றார். “நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து நிம்மதி எண் இவ்வளவு ஏறிப் பார்த்ததில்ல அண்ணாச்சி. எங்க வீட்டுல கட்டுனாக்கூட வராது.”

“வெரல் அசையலயே மேடம். அதுதான நோயி?”

“வெறும் விரல மட்டும் பாக்கக் கூடாது, மனுசரோட மொத்த வாழ்க்கையையும் பாக்கணும்னுதான் இதக் கொண்டுவந்தாங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க. வலியோட தனியாக் கெடக்கிறவங்களுக்கு மொதல்ல போய்ச் சேரணும்னு.” கீழே கடைசி வரியை விரலால் தொட்டார். “இல்லத் துணை போதுமானதுன்னு போட்டிருக்கு பாருங்க.”

“அப்படின்னா?”

“உங்க வீட்டுல ஏற்கெனவே மருந்து இருக்குன்னு அர்த்தம்.”

“என்ன மருந்து? நாங்க ஒரு தைலத்தத் தவிர…”

“நீங்கதான் அண்ணாச்சி.”

பிரகாசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கமா அழுகையா தெரியவில்லை. நான் மருந்தாம். நான் கூடவே இருந்தால் அவள் விரல் கோணாமல் நிற்குமா? நிற்காது. தலை சீவிவிடுவேன், சோறு ஊட்டிவிடுவேன். விரல் பாட்டுக்கு ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருக்கும். இப்போது நடுவிரலும் லேசாகத் திரும்பியிருந்ததை வெந்நீர்த் துணி சுற்றும்போதே பார்த்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

“இன்னும் ஒரு தடவ கட்டலாம்,” என்றார் ஹெப்சி மேடம். “அதுதான் கடைசி. அதுக்கு மேல அடுத்த வருசந்தான்.”

பிரகாசி தண்ணீர் குடிக்க வெளியே போனாள். நான் குனிந்து கேட்டேன்.

“நான் வீட்டுல இல்லன்னா என்ன வரும் மேடம்?”

அவர் கதவைப் பார்த்தார். பேனாவை மூடித் திறந்தார். “இத நான் சொல்லக் கூடாது.”

“நீங்க ஒண்ணும் சொல்லலயே.”

“போன்லகூட…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “அது குரலையும் கேக்கும். பிடிச்சவங்க குரல் கேட்டா நெஞ்சு அடிக்கிறது மாறும்.”

நான் ரெண்டு வாரம் விலகி இருக்கப் போவதை வீட்டில் பிரகாசியிடம் சொன்னபோது தட்டைத் தள்ளிவிட்டாள்.

“ஊசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இந்தக் கையில என்ன கிரீடமா தாங்கப் போறேன்?”

“ஒரு தம்ளரத் தூக்கி ஒம்பாட்டுக்குக் குடிக்க வேண்டாமா?”

“நீங்க தூக்கிக் குடுங்க.”

“நான் செத்துட்டா?”

தள்ளின தட்டை மணிக்கட்டால் திரும்ப இழுத்தாள். அப்படிக் கேட்டது தப்புதான். ஆனால் கேட்க வேண்டியிருந்தது. “எங்க போவிய?” என்றாள். எண்ணூரில் என் மச்சான் முறைக்காரன் ஒருத்தன் குடோனில் இருக்கிறான், ரெண்டு வாரம் லோடு ஏற்றப் போகிறேன், போன்கூடப் பண்ணக் கூடாது என்றேன்.

தெருவையும் தயார் பண்ண வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் நாலு வீட்டிலிருந்து சோறு வந்துவிடும். ஆக்னஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். குழம்பு கொடுக்கக் கூடாது, வாசல் தெளிக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிக்கவும் கூடாது.

“நீரு மனுசன்தானா அண்ணே?” என்றாள். “மதினி அங்க கெடந்து அல்லாடும்போது நான் இங்க உக்காந்து மீன் பொரிச்சுத் திங்கணுமா?”

“ரெண்டு வாரந்தான தங்கச்சி.”

“மாதா என்னைய மன்னிப்பாளா?”

“என்னைய மன்னிச்சா ஒன்னையும் மன்னிப்பா.”

புறப்பட்ட அன்றைக்குக் காலையில் பிரகாசி மையத்துக்குப் பட்டை கட்டப் போயிருந்தாள். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனேன். அலமாரியில் சீனி, உப்பு, மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவளுக்காக எப்போதும் மூடியைச் சும்மா மேலே வைத்திருப்பேன். ஒவ்வொன்றாக எடுத்து, லோடுமேன் கையால், முடிந்த மட்டும் இறுக்கித் திருகி வைத்தேன். குழாயையும் இறுக்கி அடைத்தேன். மண்ணெண்ணெய் விட்டு நான்தான் முந்தின மாதம் தாழ்ப்பாளை லேசாக ஓடும்படி பண்ணியிருந்தேன். அதை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஆபத்துக்கு வெளியே வர வேண்டுமே. கதவைச் சாத்தும்போது திருடிவிட்டுப் போகிறவன்போல இருந்தது.

எண்ணூரில் வேலை ஒன்றும் புதிதில்லை. மூட்டை எங்கேயும் மூட்டைதான். ஆனால் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். டீக் கடையில் டீயை வாங்கினால் இப்போது அவள் எதைப் பிடிக்க முடியாமல் நிற்கிறாளோ என்று தோன்றும். குடோனுக்குப் போகிற வழியில் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி. காலையில் அதன் முன்னால் நின்று நான் வேண்டியதை எந்தப் புருஷனும் வேண்டியிருக்க மாட்டான். மாதாவே, இன்றைக்கு அவளுக்கு ஒன்றும் நல்லபடியாக நடக்கக் கூடாது. தூக்கம் வரக் கூடாது. ஒரு காரியமும் கைகூடக் கூடாது. சொல்லி முடித்ததும் சிலுவை போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கும்.

ஆக்னஸிடம் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பேசுவேன்.

“எப்படி இருக்கா?”

“எப்படி இருக்கணும்னு ஆசப்படுதிய?” என்பாள். பிறகு சொல்லுவாள். “ரொட்டியத் தண்ணியில நனைச்சுத் திங்கா. தம்ளர ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கா. நேத்துக் குழாயத் திறக்க முடியாம அப்படியே அதுமேல நெத்திய வச்சிட்டு நின்னா அண்ணே. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே நின்னேன். பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும்.”

நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று எனக்குள் ஒரு குதிப்பு எழுந்தது. அடுத்த நிமிஷம் மிச்சச் சோற்றை நாய்க்குக் கொட்டினேன். சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கிறவன், “என்ன பெருசு, வெயிலா?” என்றான். ஆமாம் என்றேன்.

நாள் போகப் போக எனக்கு வேறொரு பயம் வந்தது. பட்டை நாற்பதுக்குக் கீழே காட்டிவிட்டால் ஊசி வரும். சரி. ஊசி ஒரு தடவையோடு முடிகிறதில்லை. வருஷக்கணக்காகப் போட வேண்டும். நடுவில் மறுபடி கட்டி அளப்பார்களே. நான் திரும்பி வந்து, அவள் எண் ஏறி, ‘இல்லத் துணை போதுமானது’ என்று மறுபடி எழுதிவிட்டால்? இதை ஹெப்சி மேடத்திடம் கேட்க மறந்திருந்தேன். மறக்கவில்லை, கேட்கப் பயந்தேன் என்பதுதான் சரி.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலையில் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் ஒரு லாரி முடிந்து இன்னொரு லாரி வருகிற இடைவெளியில் என் போன் அடித்தது. ஆக்னஸ் என்று எடுத்துப் பார்த்தால் பிரகாசி.

எடுக்கக் கூடாது என்று தெரியும். அடித்துக்கொண்டே இருந்தது. ஏதாவது ஆகியிருந்தால்? விழுந்திருந்தால்? எடுத்துவிட்டேன்.

“ஏங்க.”

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கே நெஞ்சு வேறு மாதிரி அடித்தது. அப்படியென்றால் அங்கே அவளுக்கு?

“எதுக்குட்டி போன் பண்ணுன?”

“அந்த டப்பா எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டுப் போனது நீங்கதான?”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“ரெண்டு வாரமாச் சீனி இல்லாத காப்பி குடிக்கேன். மொதல்ல கோட்டி பிடிச்ச மனுசன் மறந்து மூடிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். உப்பும் அப்படி. மிளகாய்ப்பொடியும் அப்படி. அப்பதான் வெளங்கிச்சு. குழாய்கூட நீங்கதான?”

குரலில் கோபம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. தேனாகக் குழைந்து கிடந்தது அந்தக் குரல். ரெண்டு வாரம் பட்ட பாட்டை ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிடுவாள் போலிருக்கிறதே. இவளை இப்போதே, இந்தப் போனிலேயே, அழ வைத்தாக வேண்டும்.

“ஆமாட்டி, நாந்தான்!” என்று கத்தினேன். லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான். “வேணும்னுதான் பண்ணுனேன். ஒன்னையக் கட்டி நான் என்ன சொகத்தக் கண்டேன்?”

அந்தப் பக்கம் சத்தமில்லை. நல்லது. இன்னும் ஏதாவது வேண்டும். தேடினேன். இத்தனை வருஷத்தில் அவளைத் திட்டுவதற்கு ஒன்றைக்கூடச் சேர்த்து வைக்காத மடையன் நான்.

“ஒன் மீன் கொழம்பு வாயில வைக்க வெளங்காது!”

“அப்படியா?”

“ஆமா. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்தே.”

“பொறவு ஏன் சட்டிய வழிச்சுத் தின்னிய?”

“பசி.”

ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகை இல்லை. முதலில் மூக்கால் வந்தது, பிறகு தொண்டையால், பிறகு அவளுக்கே அடங்காமல் வீடு பூரா உருண்டது அந்தச் சிரிப்பு.

“சிரிக்காதட்டி,” என்றேன். “பிரகாசி, காலுல விழுதேன். நாளைக்குக் காலை வரைக்கும்தான். ஒன் வெரல நெனச்சுப் பாரு. சிரிக்காத.”

“நெனச்சுத்தான் பாக்கேன்,” என்றாள் மூச்சுத் திணறத் திணற. “இன்னும் கொஞ்சம் கோவமாப் பேசுங்க. எனக்கு அழுகையே வர மாட்டேங்கு.”